வண்டி இழுத்தால் அலைன்மென்ட்தானா?

பழவேற்காட்டில் வண்டியை உயர்த்துவது வெறும் பகட்டு இல்லை. கடல் சீறும் நாட்களில் காட்டுப்பள்ளிச் சாலையில் மணல் ஏறிவிடும். குப்பங்களுக்குள் வலைக்கூடம் வரை போக வேண்டுமென்றால் கடைசித் தூரம் பல இடங்களில் மணல்தான். அதனால் ஜீப்பும் தாரும் ஜிம்னியும் இரண்டு அங்குலம் உயர்கின்றன. மீன் ஏற்றும் மினி லாரிகளில் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை கூடுகிறது. பிறகு ஸ்டீயரிங் ஆடத் தொடங்கும், டயர் ஓரமாகத் தேயும். உடனே பொன்னேரிக்கு ஓட்டிப்போய் வீல் அலைன்மென்ட் பார்க்கிறார்கள். சில வாரங்களில் மறுபடி அதே தொல்லை. மெஷின் கோணத்தை அளந்து சொல்லும். அந்தக் கோணம் ஏன் கெட்டது என்பது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

“வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, டோ போயிடுச்சு”

டோ என்பது மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். அது கெட்டால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஆனால் தொடர்ந்து ஒரே பக்கம் இழுப்பதற்கு டோ காரணமாவது அரிது. முதலில் காற்றைப் பாருங்கள். மணலில் இறங்கக் காற்றைக் குறைத்தவர்கள் தார்ச்சாலை ஏறியதும் திரும்ப நிரப்ப மறப்பது சகஜம். அடுத்து, முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில்தான். மாறவில்லையென்றால், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே காலிபர் பின் உப்பில் பிடித்துக்கொண்டிருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் இரு பக்கக் கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு), காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) வித்தியாசத்தைச் சந்தேகிக்க வேண்டும். நம் சாலைகள் இடது ஓரம் சரிந்திருப்பவை என்பதால் இலேசாக இடப்பக்கம் நகர்வது குறையே அல்ல.

“லிஃப்ட் போட்ட பிறகு டோ வைத்தால் போதும்”

போதாது. எது கெடும் என்பது முன் ஆக்சிலைப் பொறுத்தது. ஜிம்னியின் முன் ஆக்சில் ஒரே முழுத்தண்டு. இரண்டு நீளக் கைகள் அதைப் பிடித்திருக்கின்றன. உடலை உயர்த்தினால் கைகள் கீழே சாய்ந்து ஆக்சிலையே திருப்பிவிடும், காஸ்டர் குறையும். அங்குலத்துக்குச் சுமார் ஒரு டிகிரி என்பது பட்டறைக் கணக்கு. காஸ்டர் குறைந்த வண்டியில் வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, நேர்ச்சாலையில் வண்டி அலையும். அதற்கு ஆஃப்செட் புஷ் போன்ற தனித் திருத்தம் வேண்டும். டோவை எத்தனை முறை திருகினாலும் தீராது. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடும் சாய்வதால் முன் ஆக்சில் சற்று ஒரு பக்கம் நகரும். 2020-இல் வந்த தாரின் முன்சக்கரங்கள் தனித்தனி விஷ்போன்களில் இயங்குபவை. அதை உயர்த்தினால் சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாயும், டயரின் வெளி ஓரம் தேயும், டோவும் சேர்ந்து மாறும்.

மீன் வண்டிக்காரர்களின் தொல்லை வேறு. முன்பக்கத்தை அவர்கள் தொடுவதே இல்லை, பின்னால் மட்டும் பட்டை கூட்டுகிறார்கள். முதலில் வந்த டாடா ஏஸின் இரு ஆக்சில்களுக்கும் இடைவெளி 2,100 மி.மீ. பின்பக்கம் 50 மி.மீ. உயர்ந்தால் வண்டி முன்னோக்கி ஏறத்தாழ 1.4 டிகிரி சாயும், காஸ்டரில் அவ்வளவும் குறையும். ஐஸும் பெட்டியுமாகப் பாரம் ஏற்றியிருக்கும்போது பின்பக்கம் அமர்ந்து வண்டி நேராக ஓடும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் அலையும். “காலியா வந்தா கையில நிக்கல” என்று ஓட்டுநர் சொன்னால் அதுவே பாதி நோயறிதல். பட்டையைக் குறைக்கலாம், அல்லது முன்பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே பொருத்தமான ஆப்புத் தகடு வைக்கலாம். அலைன்மென்ட் பார்க்கும்போது வழக்கமான பாரத்தோடு நிறுத்துவது நல்லது.

“ஸ்டீயரிங் உதறுகிறது, அலைன்மென்ட் பார்க்கணும்”

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் பெரும்பாலும் சக்கர பேலன்ஸ். ரிம்முக்குள் காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலே போதும். பள்ளத்தில் விழுந்தெழுந்த பின் முன்பக்கம் முழுவதும் உதறினால் தேய்மானம். இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் அடியிலிருந்து பார்க்க வேண்டும். ராட் அசைந்தும் சக்கரம் அசையாத இடைவெளி எங்கே தெரிகிறதோ அந்த ஜாயின்ட்தான் போயிருக்கிறது. பிறகு ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்: பேரிங், பால் ஜாயின்ட், கிங் பின் ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட். தளர்ந்த ஜாயின்ட்டை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட் மெஷினை விட்டு இறங்கும்போதே கலைந்துவிடும்.

டோவைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். முன் டயரின் தடத்தைக் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே தடவும்போது கட்டைகளின் விளிம்பு கூராக உறைத்தால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது உறைத்தால் டோ-அவுட். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ஏரித் தண்ணீர்தானே, ஒன்றும் ஆகாது”

இந்த நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பழவேற்காடு ஏரி உவர்நீர். மழை குறைந்து முகத்துவாரம் தூர்ந்தால் உப்பு இன்னும் ஏறும். அந்த நீர் டை ராடின் திருகு மரைகளுக்குள் நுழைந்து காய்ந்தால், பிறகு டோவைத் திருத்த நினைத்தாலும் ராட் சுழலாது. சூடுகாட்டித் திருகுவார்கள், ரப்பர் உறை வெந்துவிடும், ஜாயின்ட்டும் போகும். ஏரியிலோ கரையிலோ இறங்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி, மரைகளில் கிரீஸ் தடவுங்கள். அலைன்மென்ட் செய்தால் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அளவுத் தாள்களையும் கேட்டு வாங்குங்கள். அதில் காஸ்டர் எண் இல்லையென்றால் பெரும்பாலும் டோவை மட்டும் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். உயர்த்திய வண்டிக்கு அது பாதி வேலைதான். பணம் கொடுக்குமுன் மீதியையும் பார்க்கச் சொல்லுங்கள்.