ஜப்பானில் பொது இடங்களில் உண்ணும் முறை

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும்போது விசா, பயணக் காப்பீடு, அந்நியச் செலாவணி ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்கிறோம். அந்நாட்டில் பொது இடங்களில் உண்ணும் முறையையும் அவ்வாறே அறிந்து செல்வது நலம்.

நடந்துகொண்டே உண்பதை ஜப்பானியர் பலர் விரும்புவதில்லை. நெரிசலில் பிறர் ஆடையில் உணவு படலாம். தெருவில் குப்பையும் சேரலாம். காமகுரா நகரம் 2019-ஆம் ஆண்டு இத்தகைய செயலைத் தவிர்க்கக் கோரும் நகர விதியை இயற்றியது. மீறுவோர்க்கு அபராதம் இல்லை. மனச்சான்றுக்கே அது விடப்பட்டுள்ளது. கியோத்தோவின் நிஷிகி அங்காடியிலும் இவ்வேண்டுகோள் உண்டு. வாங்கிய கடையருகே நின்று உண்டு, குச்சியையும் தட்டையும் அங்கேயே ஒப்படைப்பது முறை.

1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நிகழ்ந்த நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின்னர், பொதுக் குப்பைத்தொட்டிகள் பல அகற்றப்பட்டன. ஆகவே, குப்பையைச் சேர்த்துவைக்க ஒரு சிறு பையை உடன் கொண்டுசெல்வோம்.

நெரிசலான நகர ரயில்களில் உண்பது பண்பன்று. தொலைதூர ஷின்கான்சென் ரயிலில் உண்ணலாம். நிலையங்களில் விற்கப்படும் ‘எகிபென்’ உணவுப்பெட்டி பயணத்தில் உண்பதற்கென்றே அமைந்தது.

உணவுக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நிறுத்தலாகாது. இறந்தோர்க்குப் படைக்கும் முறை அது. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. தகனத்திற்குப் பின் எலும்புகளை எடுக்கும் சடங்கை அது நினைவூட்டும். அறியாமல் செய்தாலும், உடனிருப்போர் மனத்தை இவை வருத்தும். நூடுல்ஸை ஒலியெழ உறிஞ்சி உண்பதோ அங்கு இயல்பானது.

பணம் தொடர்பாகவும் சில செய்திகள் உள்ளன. உணவகங்களில் ‘டிப்ஸ்’ அளிக்கும் வழக்கம் இல்லை; மேசையில் விட்டுவந்தால், மறந்துவிட்டதாக எண்ணிப் பணியாளர் பின்னால் ஓடிவரவும் கூடும். ‘இசகாயா’ எனப்படும் மதுவகங்கள் பலவற்றில், கேளாமலே வரும் சிறு பதார்த்தத்துக்கும் கட்டணம் உண்டு; அதை ஏமாற்று என்று கருத வேண்டா. 2019 அக்டோபர் முதல் கடையில் அமர்ந்து உண்டால் 10 சதவீதமும், எடுத்துச் சென்றால் 8 சதவீதமும் நுகர்வு வரி விதிக்கப்படுகிறது. அமர்ந்து உண்ண எண்ணினால், பணம் செலுத்தும்போதே தெரிவிப்பது நேர்மை. சிறு கடைகளுக்கென ரொக்கமும் வைத்திருப்போம். சிறு தட்டு வைத்திருப்பின் பணத்தை அதில் வைப்பதே வழக்கம்.

இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கண்காணிக்க எவரும் இலர். பிறர்க்கு இடையூறு செய்யலாகாது என்னும் எண்ணமே இவற்றின் அடிப்படை. அதனை நினைவிற்கொண்டால், விதி தெரியாத இடத்திலும் நாம் பெரிதும் தவறமாட்டோம்.