நெய்வேலிக் காட்டாமணக்கும் நீயும்

மூலிகை படிக்கப் பெங்களூரு நீலசந்திராவில் உள்ள என் வீட்டுக்கு வந்த முதல் நாளே, சாக்கடை ஓரத்திலிருந்து அந்த வெளிர் ஊதாப் பூவைப் பறித்து வந்து, "இது எந்த நோய்க்கு மருந்து?" என்று கேட்டாய், கண்ணு. உன் வயதில் நானும் அதைத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு நான் கற்றது இந்த ஐந்து.

1. முதலில் பெயரைச் சரிபார். நெய்வேலிக் காட்டாமணக்கு என்கிறோமே தவிர, இது ஆமணக்குக் குடும்பம் இல்லை, சர்க்கரைவள்ளிக்குச் சொந்தம். பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஐதர் அலி நம் ஊர் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கிய அதே 1760இல் இதற்கு ஐப்போமியா கார்னியா என்று பெயர் சூட்டினார்கள். நான் ஒருமுறை பெயரை நம்பி, காட்டாமணக்கு என்று இதன் இலையை ஒருவருக்குப் பறித்துக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுப் பாட்டி பார்த்துத் தூக்கி எறிந்ததால் பிழைத்தேன்.

2. ஆடு வளர்ப்பவர் சொல்வதைக் கேள். ஒரு வெள்ளாடு தலை நடுங்கி, கால் பின்னி, மெலிந்துகொண்டே போனது. புழுத்தொல்லை என்று மருந்து சொன்னேன். எங்கே மேய்ந்தது என்று கேட்கவில்லை. ஏரிக்கரையில் வாரக்கணக்காக இந்தச் செடியைத்தான் தின்றிருக்கிறது. ஆடு செத்த பிறகுதான் கேட்டேன்.

3. விஷத்திலும் மருந்து தேடலாம்; அவசரப்படாதே. ஆட்டைச் சாய்த்தது இந்தச் செடியில் உள்ள ஸ்வைன்சோனின் என்ற நச்சு. 1979இல் ஓர் ஆஸ்திரேலியச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருள். செல்லுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளைச் சீர்செய்யும் நொதியை இது முடக்கும். அதே குணத்தால் புற்றுநோயைத் தடுக்குமோ என்று மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். முற்றிய சிறுநீரகப் புற்றில் பலன் இல்லை. இன்னொன்று: இந்த நச்சைத் தயாரிப்பது செடியே அல்ல, அதற்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. உழைத்தவன் ஒருவன், பேர் வாங்கியவன் இன்னொருவன்!

4. பலனைக் குறித்து வைக்கும்போது, யாரிடம் கண்டது என்பதையும் சேர்த்து எழுது. இந்தச் செடியின் பூச்சாறு எலியின் புண்ணை ஆற்றியதாக ஆய்வு உண்டு. எலி என்ற சொல்லை விட்டுவிட்டால் அது பொய்.

5. ஒருநாள், எல்லா மருந்தும் தீர்ந்த புற்றுநோயாளி ஒருவர் உன் கையைப் பிடித்து, "இந்தச் செடியில் ஏதாவது உண்டா?" என்பார். இரக்கத்தில் 'உண்டு' என்று சொல்ல வாய் வரும். நான் சொல்லியிருக்கிறேன், அந்தக் குடும்பத்தின் முகத்தை இன்றும் பார்க்க முடியவில்லை. நீ "இன்னும் இல்லை" என்று சொல். சொல்லிவிட்டு அவரைக் கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. வரிசையில் கூடவே நில்.