பிரான்சைஸ் கடை எடுக்குமுன் போட வேண்டிய கணக்கு



பெயர் பெற்ற கம்பெனியின் பலகையை நம் கடையில் மாட்டி, அவர்கள் சொல்லும் முறையில் வியாபாரம் செய்வதே பிரான்சைஸ். மளிகைத் துறைக்கும் இது புதிதல்ல. 1905-ல் தொடங்கிய நீலகிரிஸ் நிறுவனம், பிற்காலத்தில் பல கடைகளை இம்முறையில் வணிகர்களிடமே ஒப்படைத்து நடத்தியது. இன்று நம் ஆரப்பாளையம் பகுதி வணிகர்களையும் இத்தகைய கம்பெனிகளின் ஆட்கள் தேடி வருகிறார்கள். "உரிமக் கட்டணம் மூன்று லட்சம்தான்" என்பார்கள். அந்த மூன்று லட்சம் ஆரம்பம் மட்டுமே. முழு அடக்கம் என்ன? ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் தொகையை நீங்கள் போட்டுக் கொள்ளுங்கள்.

முதல் படி: மொத்த முதலீடு

உரிமக் கட்டணம் 3,00,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 54,000
கம்பெனிக்கு டெபாசிட் 1,00,000
அலமாரி, ஃப்ரீசர், கம்ப்யூட்டர், அலங்காரம் 5,00,000
கடை அட்வான்ஸ் 2,00,000
சரக்கு 3,00,000
லைசென்ஸ், திறப்பு விழா முதலியன 46,000
ஆக மொத்தம் 15,00,000

இதில் டெபாசிட், அட்வான்ஸ், சரக்கு ஆகிய 6 லட்சம் திரும்பி வரக்கூடியது. மற்ற 9 லட்சம் போனது போனதுதான். கடையை மூடும்போது அலமாரி பழைய சாமான் விலைக்குத்தான் போகும்.

இரண்டாம் படி: மாதச் செலவு

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு என்றால், போகும் 9 லட்சத்தை 60 மாதங்களுக்குப் பங்கிட மாதம் 15,000. முதலீடு 15 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி மாதம் 15,000. வாடகை 20,000. இரு வேலையாட்கள் சம்பளம் 24,000. மின்கட்டணம் 8,000. உங்கள் உழைப்புக்குச் சம்பளம் 20,000. சில்லறைச் செலவு 2,800. ஆக 1,04,800 ரூபாய்.

சொந்தக் கட்டிடம், சொந்தப் பணம், சொந்த உழைப்பு என்று இவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது. கட்டிடத்தைப் பிறருக்கு விட்டால் வாடகை வரும். பணத்தை வங்கியில் போட்டால் வட்டி வரும்.

மூன்றாம் படி: தேவையான விற்பனை

கழிவு போக நூற்றுக்கு 20 ரூபாய் கிடைப்பதாகக் கொள்வோம். ராயல்டி 5 சதவீதம், அதன் ஜி.எஸ்.டி.யுடன் 5.90. காம்போசிஷன் முறையில் உள்ள வணிகர் இந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அவர் விற்பனையில் 1 சதவீத வரியும் கட்ட வேண்டும். மீதி 13.10. இதைக் கொண்டு 1,04,800 ரூபாய் செலவைச் சரிக்கட்ட மாதம் 8 லட்சம், அதாவது தினம் சுமார் 26,700 ரூபாய் விற்க வேண்டும். இது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் இடம். ராயல்டி விற்பனையின் மீது கணக்கிடப்படுவது; நமக்கு நஷ்டமான மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும்.

அதே கடையைச் சொந்தப் பெயரில் நடத்தினால் உரிமக் கட்டணம், டெபாசிட், ராயல்டி இல்லை. மாதச் செலவு 94,360. கையில் நிற்பது நூற்றுக்கு 19. தினம் சுமார் 16,600 விற்றாலே போதும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தப் பலகை தினமும் பத்தாயிரம் ரூபாய் கூடுதல் விற்பனையைக் கொண்டு வருமா? அல்லது அந்த அளவுக்குச் சரக்கை மலிவாகத் தருமா?

இதற்குப் பதில் கம்பெனியின் விளம்பரத் தாளில் இருக்காது. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு கோவை, ஈரோடு, சேலம் பேருந்துகள் வருகின்றன, கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பஸ் பிடிக்க ஓடுபவர் மாதச் சாமான் வாங்க மாட்டார். உங்கள் கடை வாசலில் ஒரு வாரம் நின்று எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே அந்தப் பிரான்சைஸ் எடுத்த மூன்று நான்கு பேரிடம் நேரில் விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

1. புதுப்பிக்கும்போது மீண்டும் கட்டணம் உண்டா?
2. பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்கு உரிமம் தருவார்களா?
3. விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பார்களா?
4. டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும்?
5. கம்பெனி கை மாறினால் நம் நிலை என்ன?

ஐந்தாவது வெறும் பயமல்ல. நீலகிரிஸ் 2014-ல் ஃபியூச்சர் குழுமத்தின் கைக்குப் போனது. அக்குழுமத்தின் ஃபியூச்சர் ரீட்டெய்ல் 2022-ல் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. பலகை நம் கடையில் இருந்தாலும் அதன் விதி வேறோர் ஊரில் தீர்மானமாகிறது.

அமெரிக்காவில் கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே கம்பெனி தன் விவரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி உள்ளது. நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே முக்கியமான துணை. எனவே வாய்ச்சொல்லாகத் தரும் உறுதிகள் அனைத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் காட்டிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

கணக்கு ஒத்து வந்தால் தயங்காமல் இறங்குங்கள். ஒத்து வராவிட்டால், ஒரு தாளும் பேனாவும் உங்கள் ஒன்பது லட்சத்தைக் காப்பாற்றிவிட்டன என்று கொள்ளுங்கள்.