மோட்டாருக்கு ஊற்றும் 'மருந்து': எப்போது காக்கும், எப்போது காக்காது?





நம் கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு, பைபர் படகின் பின்னால் மாட்டியிருக்கும் ஓர் அவுட்போர்டு மோட்டாரை நம்பி நடக்கிறது. நகையை அடகு வைத்தோ, கடன் பட்டோ வாங்கியது அது. கரையில் பழுதானால் பணம்தான் போகும். நடுக்கடலில் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால், மோட்டாரைக் காக்கும் என்று சொல்லிக் கடைகளில் விற்கப்படும் அடிட்டிவ்களைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

பெட்ரோலில் என்ன மாறியது?

நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. 2022இல் அதன் அளவு 10 சதவீதத்தை எட்டியது. 2025இல் 20 சதவீதமானது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் பொருள். பாதி காலியான டேங்கில் மூடித்துளை வழியாக ஈரக்காற்று புகும். மூடி தளர்ந்திருந்தால் அலைநீரும் புகும்.

ஓரளவு தண்ணீரை எத்தனால் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவையில் அந்த அளவு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிதான். 20 சதவீதக் கலவை இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். எல்லை தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எரிபொருள் குழாய் டேங்கின் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. ஆக, மோட்டாருக்கு முதலில் போவது அந்தக் கெட்ட நீர்தான்.

டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இதில் இன்னொரு கேடும் உண்டு. நாம் கலக்கும் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் உள்ள நீரில் ஆயில் இருக்காது. பிஸ்டனும் பேரிங்கும் ஆயில் இல்லாமல் உரசி இறுகிவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரையும் பெட்ரோலில்தான் கிளப்புகிறோம் என்பதால், அவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

அடிட்டிவ் மூன்று வகை

1. ஸ்டெபிலைசர்: பெட்ரோல் பழையதாகிப் பிசின் படிவதைத் தாமதப்படுத்தும். புதுப் பெட்ரோலில் சேர்த்தால்தான் பலன் உண்டு.

2. கிளீனர்: உள்ளே படியும் கரியையும் பிசினையும் கரைக்கும். முழுக்க அடைத்துப்போன கார்புரேட்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

3. 'தண்ணீரை நீக்கும்' மருந்து: இவற்றில் சில ஆல்கஹாலால் ஆனவை. ஏற்கெனவே எத்தனால் உள்ள பெட்ரோலில் அவற்றால் பெரிய பயன் இல்லை.

முக்கியமாக நினைவில் வையுங்கள்: பிரிந்துபோன பெட்ரோலை எந்த அடிட்டிவும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அடிட்டிவ் என்பது முன்கூட்டியே செய்யும் காப்பு மட்டுமே. இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு பலன் என்பதும் இல்லை. குப்பியில் போட்ட அளவே போதும்.

செய்ய வேண்டியவை

• கடலுக்குப் போகுமுன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கோ கலங்கலோ தெரிந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். கடலிலோ மணலிலோ கொட்டாமல் பட்டறையில் ஒப்படையுங்கள்.

• அடிட்டிவுக்குச் செலவழிக்கும் முன், தண்ணீரைப் பிரிக்கும் பில்டர் ஒன்றை மாட்டுங்கள். அதில் சேரும் நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

• பழைய ரப்பர் குழாயையும், கையால் அழுத்தும் ரப்பர் பல்பையும் பாருங்கள். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். பிசுபிசுத்தாலும் வெடித்திருந்தாலும் மாற்றுங்கள்.

• ஆயிலுக்கு அடிட்டிவ் மாற்று அல்ல. மோட்டார் சைக்கிளுக்கான டூ-டி ஆயிலும் வேண்டாம். படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலை, மோட்டாரோடு வந்த கையேட்டில் உள்ள விகிதத்தில் கலக்குங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி.

• வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மோட்டாரைக் கழற்றி வைக்குமுன், புதுப் பெட்ரோலில் ஸ்டெபிலைசர் கலந்து, நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் 10 முதல் 15 நிமிடம் ஓடவிடுங்கள். மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை போய்ச் சேரும், உள்ளே தங்கிய உப்பும் கழுவப்படும். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பெட்ரோலையும் அடிட்டிவையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளைகள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடுவார்கள். அடுப்பங்கரைக்கு அருகில் வேண்டாம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சவும் வேண்டாம். ஒருவர் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

படகு வைத்திருக்கும் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை கடைக்காரர் ஒரு குப்பியை நீட்டும்போது, "இது எந்த வகை? புதுப் பெட்ரோலுக்கா, கரி நீக்கவா?" என்று கேட்டு வாங்குங்கள். போனவர்கள் பத்திரமாகக் கரை சேர நம்மால் ஆன முன்னேற்பாட்டைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

— செயலாளர்