பழைய மிலிட்டரி டென்டுக்கு எந்தக் கால் ஊன்றுவது?

சித்திரா பௌர்ணமிக்கு முந்தின நாள் வைகைக் கரையில் நீர்மோர்ப் பந்தல் போட எங்கள் வீட்டில் ஒரு பழைய மிலிட்டரி டென்ட் உண்டு. தாத்தா ஏலத்தில் எடுத்தது. துணிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. காலத்துக்கும் தொல்லை கொடுப்பது கால்கள்தான். மேலூர், திருமங்கலம் பக்கம் களத்துக் காவலுக்கும் பள்ளிச் சாரணர் முகாமுக்கும் இப்படிப் பழைய டென்ட் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுதான்: மூங்கிலா, சவுக்கா, இரும்புப் பைப்பா?

முதலில் எடையைப் பாருங்கள். பட்டாளத்தில் கூடாரத்துக்கு எடையே பெயர்: 40 பவுண்டு, 80 பவுண்டு, 180 பவுண்டு. கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய 82 கிலோ. நனைந்துவிட்டால் அதற்கும் மேல். இப்போது சுற்றுலா போகிறவர்கள் வாங்கும் நைலான் டென்டின் மெல்லிய அலுமினியக் குச்சி இந்தக் கான்வாஸைத் தாங்காது. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

டென்டோடு வந்த பழைய கால்கள் பெரும்பாலும் கல்மூங்கில். உள்ளே பொந்து இல்லாத, அல்லது மிகச் சிறிய பொந்துள்ள மூங்கில். போலீஸ் லத்திக்கும் இதுதான். தூக்கிப் போக வசதியாக ஒரு காலை இரண்டு துண்டாக்கி, இணைப்பில் இரும்புப் பூண் மாட்டியிருப்பார்கள். உச்சியில் ஒரு முள் இருக்கும். அது முகட்டுக் கழியின் துளையைத் தாண்டி, துணியின் கண் வழியாக வெளியே தலைகாட்டும். பூணிலோ துணி ஓரத்திலோ அம்புக்குறி முத்திரை தெரிந்தால் அது பட்டாளத்துச் சரக்கு.

இந்தக் காலைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். தரையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் நொண்டும். பூணுக்கு ஒரு சாண் கீழே விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல மூங்கில் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும். செங்குத்தாக நிறுத்தித் தரையில் இரண்டு தட்டு தட்டினால் கடுகளவு துளைகளிலிருந்து மஞ்சள் மாவு கொட்டுகிறதா? அப்படியானால் மூங்கில் போயிற்று, ஆனால் பூண் போகவில்லை. ஆணியைக் கழற்றிப் பூணைத் தனியாக எடுத்து, மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவையுங்கள். துரு இளகும். வாயில் மட்டும் சுத்தியல் படக் கூடாது. வாய் ஒருமுறை நசுங்கினால் அடுத்த துண்டு அதில் சரியாக உட்காராது, காற்று வரும்போது கால் அந்த இடத்தில்தான் ஒடியும். புது மூங்கிலை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, பூணுக்குத் தக்கபடி சீவி மாட்டுங்கள். வண்டு தேடி வருவது மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்காக. ஊறும்போது அதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

சவுக்கைப் பந்தல்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணலில் விளைந்து லாரி லாரியாக வரும் மரம். குழி பறித்து நட்டுக் கயிறு சுற்றிக் கட்டுகிற பந்தலுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. டென்டின் கணக்கு வேறு. கால் குழியில் நிற்பதில்லை, கயிறுகளின் இழுப்பில் நிற்கிறது. அடி பருத்து நுனி சிறுத்த கம்பில் பூண் சரியாக ஏறாது. காய்ந்த சவுக்கில் முள் அடிக்கத் துளை போட்டால் நெடுக வெடிக்கும். கனமும் அதிகம். அறுவடை முடியும்வரை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கப்போகிற டென்ட் என்றால் மட்டும் சவுக்கை எடுங்கள்.

ஜி.ஐ. பைப் வாங்கப் போனால் வண்ணக் கோட்டைப் பாருங்கள். மஞ்சள் மெலிசு, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். ஒன்றரை இஞ்ச் நீலக்கோட்டுப் பைப் மீட்டருக்கு மூன்றரை கிலோ, அதாவது எட்டடிக் கால் ஒன்றே எட்டரை கிலோவைத் தாண்டும். அதே நீளக் கல்மூங்கில் மூன்று நான்கு கிலோ இருக்கும். இணைப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்றேகால் இஞ்ச் பைப் ஒன்றரைக்குள் அப்படியே நுழைந்துவிடும் என்று எண்ணி வாங்கிவிடுவார்கள். நுழையாது, அரை மில்லிமீட்டரில் தட்டும். வெளியே இரண்டு இஞ்ச் பைப்பை உறையாகப் போட்டால் லொடலொடவென்று ஆடும். லேத் பட்டறையில் கொடுத்து உள்துண்டைக் கொஞ்சம் கடைந்து வாங்குவதுதான் வழி. அக்னி நட்சத்திர வெயிலில் பைப்பைத் தொட முடியாது, பக்கத்தில் குழந்தைகள் நின்றால் இதையும் யோசிக்க வேண்டும். ஆனாலும் பைப் உளுக்காது, ஆண்டுக்கு இருபது முகாம் போடும் பள்ளிக்கு அதுவே சரி. உச்சி முள்ளைச் சுற்றிப் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சொருகிவிடுங்கள், துணி அறுபடாது.

கயிற்றில் நாங்கள் பட்ட பாடு சொல்லியாக வேண்டும். ஒரு சித்திரையில் நள்ளிரவில் கோடை மழை பிடித்துக்கொண்டது. எல்லாமே நூல் கயிறு, மாலையில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தோம். நனைந்த நூல் கயிறு நீளம் குறையும். விடியுமுன் முன்கால் பூணுக்குக் கீழே பிளந்து கிடந்தது. மழை இருட்டும்போதே கயிற்றில் உள்ள கட்டையை நகர்த்தி ஒரு பிடி தளர்த்தியிருந்தால் அது பிழைத்திருக்கும். நைலான் நனைந்தால் நேர்மாறாகத் தொய்யும், அதை இழுத்துக் கட்ட வேண்டும். ஒரே டென்டில் இரண்டையும் கலந்தால் ஒரு பக்கம் இறுக, மறுபக்கம் தளர, கால் சாய்ந்துவிடும்.

முளையைத் தீர்மானிப்பது மண். மேலூர்ச் செம்மண் கோடையில் கல்லாக இறுகும். முந்தின நாளே தண்ணீர் ஊற்றிவைத்து இரும்பு முளை அடியுங்கள். திருமங்கலத்துக் கரிசலில் வெடிப்பை விட்டு விலகி, இரண்டடி நீளக் கருவேல முளையைக் கொட்டாப்புளியால் இறக்குங்கள். வைகை மணலில் எந்த முளையும் நிற்காது. ஒன்றரை அடி தோண்டி, மணல் நிரப்பிய சாக்கைக் குறுக்கே புதைத்து, அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டுங்கள். காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு போடாவிட்டால் கால் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

ஐப்பசி, கார்த்திகையில் எந்தக் கால் வைத்தாலும் திறந்த வெளியில் கூடாரம் அடிக்க நான் சொல்லமாட்டேன். 1763-இல் கும்பினிக்கு எதிராகக் கிளர்ந்த கான்சாகிபு யூசுப்கானைப் பிடிக்க மதுரையை முற்றுகையிட்ட கும்பினிப் படையே மழைக்காலம் வந்ததும் பின்வாங்கியது.

என் தேர்வைக் கேட்டால், பூண் நல்லபடி இருக்கும்வரை மூங்கில். எங்கள் டென்டில் தாத்தா காலத்துப் பூண்கள்தான் இன்னும் இருக்கின்றன. அவற்றில் இப்போது நிற்பது மூன்றாவது மூங்கில்.