மண்தரைக் கொட்டகைக்கு கான்கிரீட் தரை போடலாமா?

கேள்வி: நான்கு மாடுகள் கட்டும் கொட்டகையில் மண்தரைதான். மழைக்காலத்தில் சேறாகிறது, பெருச்சாளி வளை தோண்டி, தீவன மூட்டையைக் கிழிக்கிறது. கொட்டகையைப் பிரிக்காமல் கான்கிரீட் போட முடியுமா?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் முதலில் சுற்றுத்தடுப்பு, பிறகு தரை என்ற வரிசை முக்கியம். தளத்தை மட்டும் போட்டால் பெருச்சாளி அதன் அடியில் மண்ணைப் பறித்துவிடும். தாங்க மண் இல்லாத தளம் மாட்டின் எடையில் விரிசல் விடும்.

கொட்டகையின் வெளி ஓரத்தில் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து கான்கிரீட் சுவர் எழுப்புங்கள். அதன் அடிப்பகுதி வெளிப்பக்கமாக ஓரடி நீண்டிருக்கட்டும். சுவரை ஒட்டித் தோண்டி இறங்கும் பெருச்சாளி அங்கே முட்டித் திரும்பிவிடும். தூண்களுக்கு அருகே மொத்தமாகத் தோண்டாமல், பகுதி பகுதியாகத் தோண்டி முடியுங்கள். இல்லையென்றால் தூண் சாயும்.

அடுத்து தரை. சாணமும் சேறும் கலந்த மேல்மண்ணை வழித்துவிட்டு, நான்கு அங்குலம் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போடுங்கள். அதன்மேல் சிமென்ட் 1, மணல் 2, முக்கால் இன்ச் ஜல்லி 4 என்ற கலவையில் நான்கு அங்குலத் தளம். மூத்திரக் கால்வாயை நோக்கி நான்கடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் வேண்டும்.

மேற்பரப்பை மழமழவென்று தேய்க்கவே கூடாது. ஈரமாக இருக்கும்போதே கம்பியை அழுத்தி வரிக்கோடுகள் போடுங்கள். வழுக்கி விழுந்து இடுப்பு விலகிய மாடு மீண்டும் எழுவது கடினம். குறைந்தது பத்து நாள் தண்ணீர் கட்டுங்கள். மாடு படுக்கும் இடத்தில் ரப்பர் விரிப்போ வைக்கோலோ போட்ட பிறகே மாட்டைக் கட்டுங்கள்.