கொரியன் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு வைக்கணும்?

சியோல்ல வேலை. கூட வேலை பார்க்கிறவர் மொபைல்ல கல்யாணப் பத்திரிகை அனுப்பிட்டார். கிஃப்ட் கடைக்கு ஓடாதீங்க. அங்கே மொய்ப் பணம்தான் வழக்கம்.

சாதாரணப் பழக்கம்னா 50,000 வொன், நெருக்கம்னா 1,00,000. 30,000, 50,000, 70,000னு ஒற்றைப்படையில வைப்பாங்க. 1,00,000 விதிவிலக்கு. வெள்ளைக் கவர் பின்பக்கம் பேர் எழுதி வாசல் மேஜையில கொடுத்தா, சாப்பாட்டு டோக்கன் தருவாங்க.

இங்கதான் கணக்கு உதைக்கும். 50,000 வெச்சுட்டு மனைவியையும் கூட்டிட்டுப் போனா ரெண்டு பஃபே! பல மண்டபங்கள்ல ஒரு சாப்பாடே அதைத் தாண்டிடும். ஜோடியா போனா 1,00,000க்குக் குறையாதீங்க. போக முடியலைன்னா 50,000 டிரான்ஸ்ஃபர் போதும்.

மொய் நோட்டுல ஏறும், உங்க விசேஷத்துக்குத் திரும்பியும் வரும். ஆனா ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல போனவங்க அதை வர வேண்டிய பாக்கியா காட்டாதீங்க; செலவுன்னே எழுதிடுங்க.